ஏஜென்ட் ட்ராக்கரைக் குழப்பினால்: அறிகுறியைப் பார்த்து வழிகாட்டியைத் திருத்தும் முறை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் எனக்குத் தெரிந்த சில அலுவலகங்களில் கிணறு துப்புரவு, குளக்கட்டுத் திருத்தம், பாடசாலை மலசலகூடம் போன்ற வேலைகளை ரெட்மைன் என்ற ட்ராக்கரில், அதாவது வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளில், ஒவ்வொன்றையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து வைக்கிறார்கள். டிக்கெட் திறப்பது, புதுப்பிப்பது, கிழமை அறிக்கை எடுப்பது எல்லாம் இப்போது ஏஐ ஏஜென்டின், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ செயலியின், கைக்குப் போயிருக்கிறது. அது பிழை விட்டதும் பலர் அதை இயக்கும் ஏஐ மொடலை மாற்றிப் பார்க்கிறார்கள். நான் திரும்பத் திரும்பச் சரிசெய்து கண்டது வேறு. ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்த வழிகாட்டிக் கோப்பில்தான் அனேகமாகக் குறை இருக்கும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று அதில் எழுதப்படாமல் இருக்கும்.

கீழே அறிகுறி வாரியாகப் போட்டிருக்கிறேன். உங்களுடைய அறிகுறியைத் தேடி, அதன் கீழே மேலிருந்து கீழாகப் பாருங்கள். செலவில்லாத காரணம்தான் எப்போதும் முதலில் வரும். ரெட்மைனை வைத்தே எழுதுகிறேன். வேறு ட்ராக்கர் என்றால் பட்டன்களின் பெயர் மாறும், பார்க்கும் ஒழுங்கு பெரும்பாலும் இதேதான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு ஏற்பாடு தேவை. ஒன்று, உண்மையான வேலைகள் இல்லாத ஒரு சோதனைப் புரொஜெக்ட். மற்றது, ஏஜென்ட் அனுப்பிய கோரிக்கையும் சேர்வர் கொடுத்த பதிலும் அப்படியே இருக்கும் லொக். "டிக்கெட்டை மூடிவிட்டேன்" என்று ஏஜென்ட் சொல்வது லொக் ஆகாது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் புதிய அமர்வில் சோதியுங்கள். பழைய உரையாடலில் நீங்கள் வாயால் சொன்ன திருத்தம் அதற்கு நினைவிருந்தால், கோப்பு சரியாகிவிட்டது போலத் தெரியும்.

அறிகுறி 1: வழிகாட்டியில் எழுதியது எதையும் ஏஜென்ட் பின்பற்றவில்லை

முதலில், அது கோப்பை வாசிக்கிறதா என்று பாருங்கள். கோப்பின் தலைப்பில் "இந்த வழிகாட்டியின் திகதி" என்று ஒரு வரி போட்டு, புதிய அமர்வில் "வழிகாட்டியின் திகதி என்ன?" என்று கேளுங்கள்.

திகதியைச் சொல்லவில்லை என்றால்:

கோப்பின் பெயரையும் இருக்கும் இடத்தையும் பாருங்கள். கோடெக்ஸ் போன்ற ஏஜென்டுகள் ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’ (AGENTS.md) என்ற கோப்பைத் தேடும். கிளோட் கோட் ‘கிளோட்.எம்டி’யை (CLAUDE.md) தேடும். லினக்ஸ் சேர்வரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு பெயர்கள். கோப்பு வேலைக் கோப்புறையின் மேல்மட்டத்தில் இல்லாமல் உள்ளே எங்கோ கிடந்தாலும் இதே நிலைதான்.

பெயர் சரி என்றால், வழிகாட்டி ஸ்கான் பண்ணிய பிடிஎப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றறிக்கையைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம், தட்டச்சு செய்த எழுத்தாக மாற்றுங்கள்.

திகதியைச் சொல்கிறது, ஆனால் விதிகளை மறக்கிறது என்றால்:

கோப்பு நீண்டுவிட்டது. அலுவலக வரலாறு, திட்டத்தின் நோக்கம், நன்கொடையாளர் அறிமுகம் எல்லாவற்றையும் எடுத்து வேறு கோப்பில் போடுங்கள். வழிகாட்டியில் இருக்க வேண்டியது: என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, எந்த நிலையில் யாரைக் கேட்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணக் கோரிக்கை. இவ்வளவுதான். "இயன்றவரை", "பொதுவாக" போன்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். அலுவலகத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல்லின் எல்லை தெரியும், ஏஜென்டுக்குத் தெரியாது.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படாது.

அறிகுறி 2: இருக்கிற டிக்கெட்டை "இல்லை" என்கிறது

நம் பக்கத்தில் அதிகம் வருவது இதுதான். தமிழில் பதிவதால் வரும் சிக்கல்களும் இங்கேதான் கூடுகின்றன.

மூடிய டிக்கெட்டுகள் மட்டும் காணாமல் போகின்றனவா?

ஆம் என்றால், ரெட்மைனின் ஏபிஐ (ஏஜென்ட் போன்ற நிரல்கள் ரெட்மைனோடு பேசும் வழி) வழக்கத்தைப் பாருங்கள். பட்டியல் கேட்டால் அது திறந்திருக்கும் டிக்கெட்டுகளை மட்டுமே தரும். ‘ஸ்டேட்டஸ் ஐடி’ (status_id) என்ற இடத்தில் நட்சத்திரக் குறி கொடுத்தால்தான் மூடியவையும் சேர்ந்து வரும். வழிகாட்டியில் இதை உதாரணக் கோரிக்கையோடு எழுதுங்கள்.

பட்டியல் சரியாக 25இல் நிற்கிறதா?

அது முதல் பக்கம் மட்டும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 25 டிக்கெட்டுகள் வரும், எவ்வளவு கேட்டாலும் 100க்கு மேல் வராது. பதிலில் மொத்த எண்ணிக்கையும் சேர்ந்தே வருகிறது. "எடுத்த டிக்கெட்டுகளை எண்ணி மொத்தத்தோடு ஒப்பிடு, குறைந்தால் அடுத்த பக்கத்தைக் கேள்" என்று எழுதுங்கள். மாத அறிக்கையில் வாகரை வேலைகள் மொத்தமாக விடுபட்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இரண்டும் இல்லையா? அப்படியென்றால் பிழை எழுத்திலோ ஊர்ப் பெயரிலோ இருக்கிறது. மூன்று இடங்களைப் பாருங்கள்.

அ. பாமினியில் (யுனிகோடுக்கு முந்தைய முறையில் அமைந்த தமிழ் எழுத்துரு) ஒட்டிய பழைய விவரம். பழைய வேர்ட் கோப்பிலிருந்து நகல் எடுத்து ஒட்டியிருந்தால், பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியலாகத்தான் இருக்கும். கண்ணுக்கே தெரியும். யுனிகோடுக்கு மாற்றுங்கள். ஏஜென்டையே வாசித்து மாற்றச் சொல்ல வேண்டாம், ஊகித்து எழுதிவிடும். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவி ஒன்றைப் பாவியுங்கள்.

ஆ. மாற்றுக் கருவி விட்டுவைத்த பிழை. பாமினியில் ‘ள’ எழுத்துக்கும் ஔகாரக் குறியின் வால் பகுதிக்கும் ஒரே விசைதான். அதனால் பல கருவிகள் ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்றும், ‘வெல்லாவெளி’ என்பதை ‘வெல்லாவௌி’ என்றும் ஆக்கிவிடும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். தேடும் ஏஜென்டுக்கு அது வேறு சொல். ‘ௌ’ குறிக்குப் பிறகு புள்ளியோ இன்னோர் உயிர்க்குறியோ வந்தால் அது உறுதியாகப் பிழை. அவற்றை மட்டும் மொத்தமாக ‘ெள’ என்று மாற்றலாம். எல்லா ‘ௌ’வையும் கண்ணை மூடி மாற்றிவிடாதீர்கள். காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று டிக்கெட்டுகளில் மௌலவி, நௌசாத் போன்ற சரியான ‘ௌ’ நிறைய இருக்கும். பௌர்ணமியும் கெட்டுப்போகும்.

‘கொ’ போன்ற எழுத்துகளிலும் இதே மாதிரி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு விசைப்பலகை ‘ொ’வை ஒரே குறியீடாகப் போடும். இன்னொன்று ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடும். யுனிகோட் தரப்படி இரண்டும் சமம். ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் அவற்றைப் பிரித்தே பார்க்கும். ‘கொக்கட்டிச்சோலை’ என்று தேடிக் கிடைக்காமல் ‘க்கட்டிச்’ என்று தேடிக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லாவற்றையும் என்எப்சி வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியீடாகச் சேர்த்த வடிவத்துக்கு, மாற்றும் சிறிய நிரல் போதும்.

இ. ஊர்ப் பெயர். இது எழுத்துப் பிழை அல்ல, ஆனாலும் எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது இதுதான். களவேலைக்காரர் ‘களுவாஞ்சிக்குடி’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘க்’ இல்லாமல் எழுதுவார், கடிதத்தில் ‘மண்முனை தென் எருவில் பற்று’ என்று வரும். செங்கலடி என்பதும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகம் என்பதும் நமக்கு ஒன்று. ஏறாவூர் நகரப் பிரிவு வேறு என்பதும் நமக்குத் தெரியும். ஏஜென்டுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். வழிகாட்டியில் ஒரு பெயர் அட்டவணை வையுங்கள்: இடது பக்கம் டிக்கெட்டில் எழுத வேண்டிய ஒரே பெயர், வலது பக்கம் மக்கள் எழுதும் மற்ற எல்லாப் பெயர்களும். வெல்லாவெளிக்கு எதிரே போரதீவுப்பற்று, வாழைச்சேனைக்கு எதிரே கோறளைப்பற்று, கிரானுக்கு எதிரே கோறளைப்பற்று தெற்கு, வாகரைக்கு எதிரே கோறளைப்பற்று வடக்கு, ஆரையம்பதிக்கு எதிரே மண்முனைப்பற்று, வவுணதீவுக்கு எதிரே மண்முனை மேற்கு, இப்படி. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் ஊகிக்காமல் கேட்க வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். இந்த அட்டவணையை எழுத அரை நாள் செலவழித்தாலும் தகும். கிராம சேவகர் பிரிவுகளை நன்கு தெரிந்த மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அ, ஆ இரண்டிலும் பழைய டிக்கெட்டுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால். தரவுத்தளத்தில் நேரடியாக மாற்றும் வேலை அது. பேக்கப் எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 3: "முடித்துவிட்டேன்" என்கிறது, ட்ராக்கரில் எதுவும் மாறவில்லை

லொக்கில் சேர்வர் கொடுத்த எண்ணைப் பாருங்கள்.

401 என்றால் ஏபிஐ சாவி (ஏஜென்டின் கணக்குக்குக் கடவுச்சொல் போன்றது) பிழை, அல்லது அனுப்பப்படவே இல்லை. 403 என்றால் சாவி சரி, அந்தக் கணக்குக்கு அனுமதி இல்லை. 404 என்றால் டிக்கெட் எண் அல்லது முகவரி பிழை. 422 என்றால் கட்டாயமாக நிரப்ப வேண்டிய ஒன்று விடுபட்டிருக்கும், அல்லது தலைப்பு 255 எழுத்தைத் தாண்டியிருக்கும். காரணம் பதிலிலேயே எழுதியிருக்கும். "200க்களில் இல்லாத எண் வந்தால் வேலை முடியவில்லை, பதிலை அப்படியே காட்டு" என்று வழிகாட்டியில் எழுதுவதோடு இவை தீரும்.

204 என்றால் கவனம். சேர்வர் "சரி" என்கிறது, ஆனால் டிக்கெட்டின் நிலை (திறந்தது, தீர்க்கப்பட்டது, மூடியது போன்றவை) மாறாமலும் இருக்கலாம். ரெட்மைனில் எந்த ரோல் (கணக்குக்குக் கொடுத்த பொறுப்பு) எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றலாம் என்று வேர்க்ஃப்ளோ அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் அனுமதி இல்லாத மாற்றத்தை ஏபிஐ வழியாகக் கேட்டால் அது சத்தமில்லாமல் விட்டுவிடும், பிழைச் செய்தி வராது. ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, அதற்குக் கிடைத்த பதில் அப்படி.

சோதனை: ஏஜென்டின் கணக்கிலேயே உலாவியில் நுழைந்து அந்த டிக்கெட்டைத் திறவுங்கள். நிலைப் பட்டியலில் ‘மூடியது’ தெரிகிறதா?

தெரியவில்லை என்றால் அனுமதிதான் காரணம். உடனே அனுமதியைக் கொடுத்துவிட வேண்டாம், முதலில் அறிகுறி 5ஐ வாசியுங்கள். தெரிகிறது என்றால் ஏஜென்ட் நிலையின் பெயரை அனுப்புகிறதா, எண்ணை அனுப்புகிறதா என்று பாருங்கள். ஏபிஐக்கு வேண்டியது எண். ஒரு அலுவலகத்தின் எண் இன்னொரு அலுவலகத்துக்குப் பொருந்தாது. உங்கள் ட்ராக்கரிலிருந்தே நிலைப் பட்டியலை எடுத்து எழுதுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு: மாற்றம் செய்த ஒவ்வொரு முறையும் டிக்கெட்டை மறுபடி எடுத்து வாசித்து, மாறியிருந்தால் மட்டும் "முடிந்தது" என்று சொல்ல வேண்டும். வழிகாட்டியில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இந்த வரியை எழுதுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உங்கள் கணக்கில் மாறுகிறது, அதே ரோல் உள்ள ஏஜென்ட் கணக்கில் மாறவில்லை என்றால். ரெட்மைனில் சேர்த்த ஏதோ ப்ளகின் (கூடுதல் நிரல்) குறுக்கே நிற்கலாம்.

அறிகுறி 4: ஒரே வேலைக்கு இரண்டு மூன்று டிக்கெட்

மாரி காலத்தில் இது கூடும். கரண்டும் லைனும் விட்டு விட்டு வரும்போது ஏஜென்ட் டிக்கெட் திறக்கக் கேட்கிறது, சேர்வர் திறந்துவிடுகிறது, "திறந்தாயிற்று" என்ற பதில் வரும் வழியில் லைன் அறுந்துவிடுகிறது. ஏஜென்ட் தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடி கேட்கிறது.

முதலில் இரண்டு டிக்கெட்டும் திறந்த நேரத்தைப் பாருங்கள். சில விநாடி, சில நிமிட இடைவெளி என்றால் மேலே சொன்ன காரணம். நாள்கணக்கில் இடைவெளி என்றால் ஏஜென்ட் பழையதைத் தேடிக் கிடைக்காமல் புதிது திறந்திருக்கிறது, அறிகுறி 2க்குப் போங்கள்.

லைன்தான் காரணம் என்றால், ஒவ்வொரு வேலைக்கும் அலுவலகம் ஏற்கனவே வைத்திருக்கும் கோப்பு எண்ணை டிக்கெட்டில் தனிப் புலமாக (நிரப்பும் கட்டமாக) சேருங்கள். வழிகாட்டியில் இப்படி எழுதுங்கள்: "திறக்கும் முன் கோப்பு எண்ணால் தேடு. பதில் வராமல் போனால் மறுபடி திறக்காதே, மறுபடி தேடு." இரண்டு ஏஜென்ட் ஒரே நேரத்தில் ஓடும் அலுவலகத்தில் இதுவும் போதாது, இரண்டும் தேடிய பிறகு இரண்டும் திறக்கும். டிக்கெட் திறக்கும் வேலையை ஒன்றிடம் மட்டும் விடுங்கள். அதுவும் முடியாது என்றால் ஒரே எண் இரண்டு முறை வராதபடி சேர்வரிலேயே தடை போட நிரலாளர் வேண்டும். காசு போகும் இடம் அது.

அறிகுறி 5: மூடக்கூடாததை மூடுகிறது, விவரத்தை அழிக்கிறது

பழைய விவரம் போய்ப் புதிய வரி மட்டும் இருக்கிறதா? ஏஜென்ட் குறிப்பு எழுத வேண்டிய புலத்தை விட்டு விவரப் புலத்தில் எழுதியிருக்கிறது. விவரப் புலத்தில் எழுதினால் முந்தையது முழுக்க மாற்றப்படும். பயப்பட வேண்டாம். டிக்கெட்டின் வரலாற்றில் பழைய விவரத்தின் வேறுபாடு இருக்கும், அங்கிருந்து மீட்கலாம். "புதிய தகவல் எப்போதும் குறிப்பில்தான், விவரத்தைத் தொடாதே" என்று எழுதுங்கள்.

வேலை முடியும் முன் மூடுகிறதா? வழிகாட்டியில் "முடிந்தால் மூடவும்" என்று இருக்கும், தேடிப் பாருங்கள். கொந்தராத்துக்காரர் "குழாய்க் கிணறு முடிந்தது" என்று செய்தி அனுப்பினால் ஏஜென்டுக்கு அது முடிந்ததுதான். அலுவலகத்துக்கோ, தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய்ப் பார்த்து, அளவு எடுத்து, படம் இணைத்த பிறகுதான் முடிந்தது. இந்த மூன்றையும் வழிகாட்டியில் நிபந்தனையாக எழுதுங்கள். இதைவிட நல்ல வழி, ஏஜென்டுக்கு ‘தீர்க்கப்பட்டது’ வரைக்கும் மட்டும் அனுமதி கொடுத்து, ‘மூடியது’ என்பதை மனிதரிடம் வைப்பது. ஒரு ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று பதிவில் இருந்து, அங்கே வராமல் இருந்தால், மூடிய டிக்கெட்டை யாரும் திரும்பப் பார்க்க மாட்டார்கள். அந்தச் சனம் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த ஒரு பட்டனை நான் ஏஜென்டிடம் விடுவதே இல்லை.

யாரும் சொல்லாததைச் செய்கிறதா? டிக்கெட்டின் குறிப்புகளை வாசியுங்கள். "இதை அழித்துவிட்டு மற்றதையும் மூடிவிடுங்கள்" என்று யாரோ யாருக்கோ எழுதிய வரியை ஏஜென்ட் தனக்குக் கிடைத்த கட்டளையாக எடுத்திருக்கலாம். வெளியாட்களும் மின்னஞ்சல் வழியாக டிக்கெட் திறக்கும் அலுவலகம் என்றால், வேண்டுமென்றே அப்படி எழுதுகிறவர்களும் இருப்பார்கள். "டிக்கெட்டுக்குள் இருப்பது தகவல், கட்டளை அல்ல" என்று வழிகாட்டியில் எழுதுங்கள், ஆனால் எழுத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஏஜென்டுக்குத் தனிக் கணக்கு, அழிக்கும் அனுமதி இல்லாத தனி ரோல். நிர்வாகியின் சாவியைக் கொடுத்து ஓடவிடும் அலுவலகத்தில் எந்த வழிகாட்டியும் காப்பாற்றாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: டிக்கெட்டுகள் முழுதாக அழிக்கப்பட்டிருந்தால் உடனே. வரலாறும் சேர்ந்தே போயிருக்கும், பேக்கப்பிலிருந்துதான் எடுக்க முடியும். அதுவரை ஏஜென்டை நிறுத்தி வையுங்கள். ஏபிஐ சாவி குறிப்பு எதிலாவது எழுதப்பட்டிருந்தால் ஆளுக்குக் காத்திருக்காமல், அந்தக் கணக்கின் பக்கத்தில் சாவியை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 6: திகதி பிசகுகிறது

ஒரு நாள் பின்னால் போகிறதா? அதிகாலை 5.30க்கு முன் பதிந்தவை மட்டும்தானா என்று பாருங்கள். ஏபிஐ தரும் திறந்த நேரமும் மூடிய நேரமும் உலக நேரத்தில் வருகின்றன, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். முடிக்க வேண்டிய திகதிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது வெறும் நாள். எனவே "நேரம் உள்ளவற்றுக்கு மட்டும் ஐந்தரை மணி கூட்டு" என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் கூட்டச் சொன்னால் புதிய பிழை பிறக்கும்.

மாதமும் நாளும் இடம் மாறுகிறதா? ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதச் சொல்லுங்கள், தீர்ந்தது.

ஒரு வருடமே பிசகினால், போகக் கணக்கைப் பாருங்கள். "2024/25 பெரும்போகத்துக்கு முன் வாய்க்கால் துப்புரவு" என்று இருந்தால் ஏஜென்ட் 2025 என்று எடுத்துவிடலாம். பெரும்போகம் செப்டெம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை போவது, அந்த வாய்க்கால் 2024 செப்டெம்பருக்கு முன் துப்புரவாகியிருக்க வேண்டும். நவகிரி, உன்னிச்சை, கல்லோயா என்று நீர்ப்பாசனத் திட்டத்துக்குத் திட்டம் தண்ணீர் திறக்கும் நாளும் வேறு. அது போகக் கூட்டத்தில் தீர்மானமாவது. ஏஜென்டைக் கணிக்கவிடாமல், கூட்டம் முடிந்ததும் ஒருவர் திகதியை வழிகாட்டியின் அட்டவணையில் எழுதிவிட வேண்டும்.

அறிகுறி 7: நேற்று வரை சரி, இன்று எல்லாம் பிழை

யாராவது புதிய நிலை, புதிய புலம், புதிய டிக்கெட் வகை சேர்த்தார்களா என்று கேளுங்கள். கட்டாயப் புலம் ஒன்று சேர்ந்தாலே பழைய உதாரணக் கோரிக்கைகள் எல்லாம் 422இல் விழும். ரெட்மைனில் மாற்றம் செய்கிறவரே வழிகாட்டியையும் அதே நாளில் திருத்தி, தலைப்பில் உள்ள திகதியையும் மாற்ற வேண்டும்.

யாரும் எதையும் மாற்றவில்லை என்றால், ஒரு பழைய உதாரணக் கோரிக்கையை ஏஜென்ட் இல்லாமல் கையால் அனுப்பிப் பாருங்கள். கையாலும் விழுந்தால் பிழை சேர்வரில், அதைப் பராமரிப்பவரைக் கூப்பிடுங்கள். கையால் சரியாகப் போனால் மொடலோ ஏஜென்ட் செயலியோ புதுப்பிக்கப்பட்டிருக்கும். மொடலைச் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான். சோதனைப் புரொஜெக்டில் மேலே உள்ள அறிகுறிகளை வரிசையாக ஓட்டுங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது டிக்கெட் எண், நடந்த நேரம், லொக்கில் அந்தக் கோரிக்கையும் பதிலும், வழிகாட்டியின் திகதி ஆகியவற்றை அனுப்புங்கள். லொக்கை அனுப்பும் முன் அதில் ஏபிஐ சாவி இருந்தால் எடுத்துவிடுங்கள்.